குழந்தையின் முதல் பல் பரிசோதனை: ஒரு வயதுக்குள் ஏன் போகச் சொல்கிறார்கள்?

வாயில் இருப்பதே இரண்டு பல். அதுவும் பாதிதான் வெளியே தெரிகிறது. இதைக் காட்ட ஒரு பல் மருத்துவரா? தடுப்பூசி போடப் போன இடத்தில் குழந்தை மருத்துவர் "பல் டாக்டரையும் ஒரு தடவை பார்த்துடுங்க" என்று சொல்லும்போது பல பெற்றோருக்கு இந்தக் கேள்விதான் எழுகிறது. வீட்டுப் பெரியவர்கள் "விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதுக்கு வைத்தியம்" என்கிறார்கள். போன் செய்து கேட்டால் சில க்ளினிக்குகளிலேயே "மூணு வயசு ஆகட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க" என்று பதில் வருகிறது. மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் குழம்பத்தான் செய்யும்.

பல் மருத்துவரிடம் போவதென்றாலே சிகிச்சைக்குப் போவது என்று நாம் பழகிவிட்டோம். குழப்பத்தின் வேர் அதுதான். ஒரு வயதுக் குழந்தையின் முதல் வருகையில் சிகிச்சை என்று பெரும்பாலும் எதுவும் நடக்காது. பால் பல்லில் வரும் சொத்தையை மருந்து பூசித் திருப்பிவிடக்கூடிய காலம் ஒன்று உண்டு. அது சில மாதங்கள்தான் நீடிக்கும். பல குழந்தைகளுக்கு இரண்டு வயதுக்கு முன்பே முடிந்தும் போய்விடும். அந்தக் காலத்துக்குள் ஒருவர் வாயைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வருகை.

மூன்று வயதா, ஒரு வயதா?

முன்பெல்லாம் மூன்று வயது என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. இரண்டரை வயது வாக்கில் பால் பற்கள் இருபதும் வந்துவிடும். மூன்று வயதுக் குழந்தை நாற்காலியில் உட்காரும், "ஆ காட்டு" என்றால் காட்டும். பரிசோதிக்கிறவருக்கு அதுதான் வசதி. ஆனால் அது பரிசோதிக்கிறவரின் வசதியை வைத்துப் போட்ட கணக்கு. சொத்தை அந்தக் கணக்குப்படி காத்திருப்பதில்லை.

இப்போது அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி, அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி மூன்றும் ஒரே மாதிரிதான் சொல்கின்றன: முதல் பல் வந்த ஆறு மாதத்துக்குள், தாமதித்தாலும் முதல் பிறந்தநாளுக்குள். பிரிட்டனில் குழந்தைப் பல் மருத்துவர்களின் சங்கமும் 2017 முதல் இதே ஒரு வயதைத்தான் பிரசாரம் செய்து வருகிறது.

இதில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. சீக்கிரம் போய்க் காட்டினாலே சொத்தை வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021-ல் இதை ஆராய்ந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பல்லைப் பொது மருத்துவர்கள் வழக்கமாகப் பரிசோதிப்பதால் மட்டும் பலன் உண்டா என்று தீர்ப்புச் சொல்லச் சான்று போதாது என்றது. அதே குழு, பல் முளைத்ததும் ஃப்ளோரைடு வார்னிஷ் என்ற பூச்சு மருந்தைப் பல்லில் பூசுவதைத் தெளிவாகப் பரிந்துரைத்தது. அதாவது எட்டிப் பார்ப்பதில் மட்டும் பலன் உண்டு என்று நிரூபணமாகவில்லை. பார்த்தபின் பூசுகிற மருந்திலும், வீட்டில் மாறுகிற பழக்கத்திலும்தான் பலன். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பால் பல்: கொஞ்சம் அடிப்படை

பால் பற்கள் மொத்தம் 20. கீழ் முன்பற்கள் இரண்டும் பொதுவாக 6 முதல் 10 மாதத்துக்குள் முதலில் வரும். மேல் முன்பற்கள் 8 முதல் 12 மாதத்துக்குள். முதல் கடைவாய்ப்பற்கள் 13 முதல் 19 மாதத்தில், கோரைப்பற்கள் 16 முதல் 23 மாதத்தில், கடைசிக் கடைவாய்ப்பற்கள் ஏறக்குறைய 23 முதல் 33 மாதத்தில். இரண்டு மூன்று மாதம் முன்பின் ஆவது சகஜம்.

இந்தப் பற்களுக்கும் நிலைப் பற்களுக்கும் பெரிய வித்தியாசம் எனாமலில். பல்லின் வெளிப்பக்கக் கடினமான ஓட்டைத்தான் எனாமல் என்கிறோம். பால் பல்லில் அது அதிகபட்சம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான், நிலைப் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அதற்கு உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பல்கூழ், பல்லின் அளவோடு பார்த்தால் பெரியது, வெளிப்பரப்புக்குப் பக்கத்திலும் இருக்கிறது. அதனால் பெரியவர்கள் பல்லில் ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து போகிற சொத்தை, பால் பல்லில் மாதக்கணக்கிலேயே நரம்பைத் தொட்டுவிடும்.

சரி, விழப்போகிற பல்தானே? இந்த வாதத்தை நான்கு இடத்தில் சோதித்துப் பார்க்கலாம்.

1. எப்போது விழும்? முன்பற்கள் 6, 7 வயதில் விழுகின்றன. கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்கும். இரண்டு வயதில் கெட்ட கடைவாய்ப்பல்லோடு குழந்தை இன்னும் எட்டு, பத்து வருடம் சாப்பிட்டாக வேண்டும்.

2. அடியில் என்ன இருக்கிறது? ஒவ்வொரு பால் பல்லுக்கும் கீழே ஒரு நிலைப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. நிலை முன்பற்கள் பலவற்றுக்கு எனாமல் படியத் தொடங்குவது குழந்தைக்கு மூன்று, நான்கு மாதம் ஆகும்போதே. பால் பல்லின் வேரில் சீழ் கட்டினால், கீழே உருவாகிற பல்லின் எனாமலில் கறையும் குழியும் விழலாம்.

3. இடம். பால் கடைவாய்ப்பல் தனக்குப் பின் வரும் பல்லுக்கு இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். பின்னால் வருகிற பல் கோணலாகவோ வரிசை தப்பியோ வரும்.

4. இன்றைய வலி. பல் வலிக்கிறது என்று ஒன்றரை வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. சாப்பாட்டை ஒதுக்கும், ஒரே பக்கம் மெல்லும், இரவில் எழுந்து அழும். எடை ஏறாமல் போகலாம். பெற்றோர் இதற்கெல்லாம் வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வாய்நல அறிக்கையின் மதிப்பீட்டில், உலகில் 50 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால் பற்களில் சொத்தை இருக்கிறது.

சொத்தை எப்படித் தொடங்குகிறது?

நான்கு பொருள்கள் ஒன்றுசேர வேண்டும்: பல், கிருமி, சர்க்கரை, நேரம். வாயில் வாழும் பாக்டீரியாக்கள், அதிலும் குறிப்பாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற வகை, சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. பல்லின் மேற்பரப்பில் பி.எச். அளவு (அமிலம் கூடக் கூட இது குறையும்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே போனால் எனாமலில் இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறும். பிறகு உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பல்லில் படிய வைக்கும். இந்தக் கரைதலும் படிதலும் நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறது. கரைதல் முந்தினால் சொத்தை.

சாப்பிட்ட சில நிமிடங்களில் அமிலம் ஏறுவதையும் அது மெல்ல மெல்லத்தான் இறங்குவதையும் ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1940-களில் அளந்து காட்டினார். பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். பெற்றோர் பிடித்துக்கொள்ள வேண்டிய கணக்கு இதிலிருந்துதான் வருகிறது: எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை இனிப்பு என்பதே முக்கியம். ஒரு கப் இனிப்புப் பாலை ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்தால் பல்லின் மேல் ஒரு தாக்குதல். அதையே சிப்பி கப்பில் ஊற்றிக் கையில் கொடுத்து, விளையாடிக்கொண்டே இரண்டு மணி நேரம் உறிஞ்ச விட்டால், பல் ஒருமுறைகூடத் தேறி எழாது.

இரவு இன்னும் மோசம். தூங்கும்போது உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடும். புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தைக்கு, அதில் இருக்கும் பாலோ பழச்சாறோ மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காக்கிறது. கீழ்ப்பக்க உமிழ்நீர்ச் சுரப்பிகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. அதனால்தான் குழந்தைப் பருவச் சொத்தை பெரும்பாலும் மேல் முன்பற்களில் ஆரம்பிக்கிறது, கீழ் முன்பற்கள் கடைசி வரை தப்பிக்கின்றன. மேல் நான்கு பற்களும் பழுப்பேறி, கீழே இருப்பவை மட்டும் பளிச்சென்று இருந்தால், குழந்தை இரவில் எப்படித் தூங்குகிறது என்பதுதான் பல் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.

தாய்ப்பால் பற்றி இங்கே தேவையில்லாத பயம் நிறைய உலவுகிறது. முதல் ஒரு வருடம் தாய்ப்பால் கொடுப்பதால் சொத்தை கூடுவதாகச் சான்று இல்லை. ஒரு வயதுக்கு மேல், பல் வந்தபின், இரவு முழுக்கப் பல தடவை குடித்தபடியே தூங்கும் குழந்தைகளிடம் சொத்தை அதிகம் என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது: படுக்கும் முன் பல்லைத் துலக்கிவிடுவது, மற்ற உணவுகளில் சர்க்கரையைக் குறைப்பது. பல்லுக்காகத் தாய்ப்பாலை நிறுத்துங்கள் என்று ஒருவர் எடுத்தவுடன் சொன்னால், வேறொருவரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கூட இருப்பவர்களின் எச்சிலில் இருந்து. அதனால்தான் முதல் வருகையில் பெற்றோரின் பல்லைப் பற்றியும் கேட்பார்கள். அம்மாவுக்கோ குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவருக்கோ சிகிச்சை செய்யாத சொத்தை இருந்தால் குழந்தைக்கு ஆபத்து கூடும். கரண்டியைத் தனியாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்தான். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதைவிட, பெரியவர்கள் தங்கள் பல்லைச் சரிசெய்துகொள்வது உபயோகமானது. முத்தத்துக்கெல்லாம் தடை போட வேண்டாம்.

உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

சொத்தை என்றதும் கறுப்புக் குழிதான் நினைவுக்கு வரும். அது நோயின் பின்பகுதி. முதல் அடையாளம் வெள்ளையாக இருக்கும்: ஈறும் பல்லும் சேரும் இடத்தை ஒட்டி, சாக்பீஸ் நிறத்தில், மினுமினுப்பு இல்லாத ஒரு கோடு. எனாமலில் இருந்து தாது கரைந்து வெளியேறிய இடம் அது. இன்னும் குழி விழவில்லை. இந்தக் கட்டத்தில் ஃப்ளோரைடும் பழக்க மாற்றமும் சேர்ந்தால் சொத்தையை நிறுத்த முடியும், பல நேரங்களில் திருப்பவும் முடியும். கோடு மஞ்சளாகி, பழுப்பாகி, மேற்பரப்பு உடைந்துவிட்டால் அந்த வாய்ப்பு போயிற்று. அதன் பிறகு பழுதுபார்க்கும் வேலைதான்.

இந்தக் கோடு சிரிக்கும் குழந்தையின் வாயில் தெரியாது. மேல் உதடு அதை மறைத்துவிடும். வீட்டில் பார்க்க, குழந்தையின் தலையை உங்கள் மடியில் வைத்து, முகம் மேலே பார்க்கும்படி படுக்க வையுங்கள். வெளிச்சம் வாயில் விழ வேண்டும். ஆள்காட்டி விரலால் மேல் உதட்டை மூக்கை நோக்கி உயர்த்தி, சுத்தமான மெல்லிய துணியால் பல்லைத் துடைத்து ஈரத்தை எடுங்கள். ஈரமாக இருக்கும்போது ஆரம்ப நிலைக் கோடு கண்ணுக்குப் படாது. காய்ந்த பல்லில்தான் தெரியும். வெறும் அழுக்குப் படலமாக இருந்தால் துடைத்ததும் துணியோடு வந்துவிடும். தாது கரைந்த கோடு அப்படியே நிற்கும். மாதம் ஒரு தடவை இப்படிப் பார்த்தால் போதும்.

எல்லா வெள்ளையும் சொத்தை ஆகிவிடாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும், பிறந்த சமயத்தில் கடுமையாக நோயுற்ற குழந்தைகளுக்கும் எனாமல் சரியாக உருவாகாமல் வெள்ளைத் திட்டோ பள்ளமோ இருக்கலாம். அவை பல்லின் நடுவிலோ நுனியிலோகூட இருக்கும். அப்படிப்பட்ட பல்லில் சொத்தை எளிதாகப் பிடிக்கும் என்பதால் அதையும் காட்டத்தான் வேண்டும். இரும்புச் சத்துச் சொட்டு மருந்தால் பல்லில் கறுப்புக் கறை படிவது வேறு கதை. அது மேலே ஒட்டும் கறை, சொத்தை கிடையாது.

அந்த அறையில் என்ன நடக்கும்?

மொத்தமே இருபது, முப்பது நிமிடம். அதில் பெரும்பகுதி பேச்சு. வாயைப் பார்க்கும் நேரம் ஒன்றிரண்டு நிமிடம்தான்.

1. கேள்விகள். பிரசவம் எப்படி, என்ன மருந்து தருகிறீர்கள், எதைக் குடித்துத் தூங்குகிறது, இரவில் எத்தனை தடவை எழுகிறது, இடையில் என்ன கொறிக்கிறது, குடிநீர் எங்கிருந்து வருகிறது, வீட்டில் யாருக்குச் சொத்தை. இனிப்புச் சிரப்பாக இருக்கும் மருந்தைத் தினமும் கொடுக்கிறீர்கள் என்றால் மறக்காமல் சொல்லுங்கள்.

2. மடிப் பரிசோதனை. பெரிய நாற்காலி தேவையில்லை. பெற்றோரும் மருத்துவரும் எதிரெதிரே, முழங்காலோடு முழங்கால் தொட உட்காருவார்கள். குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்தபடி, கால்கள் உங்கள் இடுப்பின் இரு பக்கமும் வரும்படி மடியில் இருக்கும். அப்படியே மெதுவாகப் பின்னால் சாய்த்தால் தலை மருத்துவரின் மடியில் வந்து விழும். குழந்தையின் கைகளை நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள், உங்கள் முழங்கைகள் அதன் கால்களை அணைத்துப் பிடிக்கும். கண்ணைத் திறந்தால் உங்கள் முகம் தெரியும். மருத்துவர் விரலைக் கன்னத்தின் உட்புறமாகப் பின் ஈறு வரை நகர்த்துவார், வாய் தானாகத் திறக்கும். பல், ஈறு, நாக்கு, அண்ணம், உதட்டைப் பிணைக்கும் தசை மடிப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கி உங்கள் தோளில் சாய்த்துவிடுவார்.

3. துலக்கிக் காட்டுவது. எப்படிப் பிடிக்க வேண்டும், பிரஷ் எந்தக் கோணத்தில் போக வேண்டும் என்று செய்து காட்டுவார்கள். உங்களையும் ஒருமுறை செய்யச் சொல்வார்கள். சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

4. தேவைப்பட்டால் வார்னிஷ். கீழே தனியாகப் பார்ப்போம்.

5. அடுத்த தேதி. எல்லாருக்கும் ஆறு மாதம் என்று விதி இல்லை. ஆபத்து அதிகம் என்று தெரிந்தால் மூன்று மாதத்தில் வரச் சொல்வார்கள்.

எக்ஸ்ரே பொதுவாக இந்த வயதில் எடுப்பதில்லை. பற்களுக்கு இடையே இடைவெளி இருக்கும்வரை கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

குழந்தை அழுமா? அழும். பெரும்பாலான குழந்தைகள் அழும். முன்பின் தெரியாத ஒருவர் வாயில் கைவிட்டால் ஒரு வயதுக் குழந்தை அழுவது வளர்ச்சி சரியாக இருக்கிறது என்பதன் அடையாளம். மருத்துவருக்கு அதனால் தொந்தரவும் இல்லை, அழும் வாய்தான் அகலமாகத் திறக்கும். பரிசோதனைக்குத் தூக்க நேரத்தையும் பசி நேரத்தையும் தவிர்த்து, காலையில் நேரம் வாங்குங்கள். போவதற்கு முன் வயிறு முட்ட ஊட்டாதீர்கள், படுக்க வைத்ததும் வாந்தி வரலாம். "ஊசி போட மாட்டாங்க, வலிக்காது" என்று வீட்டில் முன்கூட்டியே சொல்வதும் வேண்டாம். கொஞ்சம் புரிகிற வயதாக இருந்தால் அந்த இரண்டு வார்த்தைகள்தான் மனதில் நிற்கும்.

ஃப்ளோரைடு: பயமும் கணக்கும்

ஃப்ளோரைடு மூன்று வேலை செய்கிறது. எனாமல் கரைவதைத் தடுக்கிறது. கரைந்த தாது திரும்பப் படிய உதவுகிறது. பாக்டீரியா அமிலம் சுரப்பதைக் குறைக்கிறது. பலன் பெரும்பாலும் பல்லின் மேற்பரப்பில் படுவதால்தான் கிடைக்கிறது, விழுங்குவதால் இல்லை.

குழந்தைகளுக்கு ஃப்ளோரைடு இல்லாத பற்பசைதான் பாதுகாப்பானது என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2014-ல் தன் பரிந்துரையை மாற்றியது: முதல் பல் வந்த நாளிலிருந்தே ஃப்ளோரைடு பற்பசை, மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. நாளுக்கு இரண்டு தடவை.

குழந்தை துப்பாதே, விழுங்கிவிடுமே என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1000 பி.பி.எம். பற்பசை என்றால் ஒரு கிராமில் ஒரு மில்லிகிராம் ஃப்ளோரைடு. அரிசி அளவு என்பது ஏறக்குறைய 0.1 கிராம். முழுதாக விழுங்கினாலும் 0.1 மில்லிகிராம்தான் உள்ளே போகும். பிரச்சினை எப்போது வருகிறது என்றால், விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கும்போது. அதில் இதைப்போல் பத்து மடங்கு இருக்கும். ட்யூபைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வைத்து, பிதுக்குவதைப் பெரியவர்களே செய்தால் போதும்.

பல் உருவாகும் காலத்தில் நீண்ட நாள் அளவுக்கு மீறி ஃப்ளோரைடு போனால் நிலைப் பற்களில் வெள்ளைக் கோடுகளும், கடுமையானால் பழுப்புத் திட்டுகளும் வரும். இதற்குப் பெயர் ஃப்ளோரோசிஸ். இதன் முக்கியக் காரணம் பற்பசையைவிடக் குடிநீர். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். நிலத்தடி நீரில் இயல்பாகவே ஃப்ளோரைடு அதிகம் உள்ள பகுதியில் இருப்பவர்கள், ஆழ்துளைக் கிணற்று நீர் குடிப்பவர்கள், இதை முதல் வருகையிலேயே சொல்ல வேண்டும். மருத்துவரின் ஆலோசனை அதற்கேற்ப மாறும்.

வார்னிஷ் என்பது ஐந்து சதவீத சோடியம் ஃப்ளோரைடு கலந்த பிசின். 22,600 பி.பி.எம். என்று அட்டையில் பார்த்தால் திக்கென்று இருக்கும். ஆனால் பூசுவது சில துளிகள்தான். உமிழ்நீர் பட்டதும் இறுகிப் பல்லோடு ஒட்டிக்கொண்டு, பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ளோரைடை விடும். பூசுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சில வகை வார்னிஷ் பூசினால் அன்று பல் மஞ்சளாகத் தெரியும், மறுநாள் துலக்கினால் போய்விடும். அன்று இரவு மட்டும் துலக்காமல் விடச் சொல்வார்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூசலாம்.

பெற்றோர் கொண்டுவரும் மற்ற கேள்விகள்

பல் முளைக்கும்போது காய்ச்சல். ஈறு வீக்கம், எச்சில் வடிதல், சிணுங்கல், உடம்பு லேசாகச் சுடுவது இவ்வளவுதான் பல் முளைப்பதன் கணக்கு. 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் காரணம் வேறு. "பல்லு முளைக்குது" என்று தள்ளிப்போட்டதால் காது, சிறுநீர்த் தொற்றுகள் கவனிக்கப்படாமல் போனதுண்டு.

ஈறில் தடவும் ஜெல். பென்சோகெயின் கலந்த மரத்துப்போகும் ஜெல்லை இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-ல் எச்சரித்தது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கும் மெத்திமோகுளோபினீமியா என்ற ஆபத்தான நிலை வரலாம் என்பது காரணம். பல் முளைக்கும் வலிக்கென்று விற்கும் மணிமாலைகளைப் பற்றியும் அதே ஆண்டு எச்சரித்தது. கழுத்து இறுகும், மணி அறுந்தால் மூச்சுக்குழாயில் சிக்கும். சுத்தமான விரலால் ஈறைத் தேய்த்துவிடுவதும், குளிரவைத்த, ஆனால் உறையாத கடிப்பானும் போதும்.

பிறக்கும்போதே பல். அபூர்வம், ஆனால் நடக்கிறது. பெரும்பாலும் அது கூடுதல் பல் இல்லை, சீக்கிரம் வந்துவிட்ட நிஜமான பால் பல். ஆடி விழுந்து மூச்சுக்குழாயில் போகும் அபாயம் இருந்தாலோ, நாக்கின் அடியில் புண்ணாக்கினாலோதான் எடுப்பார்கள். ஈறிலும் அண்ணத்திலும் தெரியும் சிறு வெள்ளை மணிகள் பல்லே இல்லை, தானாகப் போய்விடும். பல் வரப்போகிற இடத்தில் நீலமாக வீங்கினால் அதுவும் பல் வந்ததும் அடங்கும்.

பல்லே வரவில்லை. ஒரு வயதிலும் பொக்கை வாயாக இருக்கும் குழந்தைகள் உண்டு. 18 மாதம் ஆகியும் ஒன்றும் வரவில்லை என்றால் காட்டுங்கள்.

விரல் சூப்புவது. இந்த வயதில் பேசாமல் விடலாம். மூன்று வயதைத் தாண்டித் தொடர்ந்தால் பல் வரிசையும் தாடையும் மாறத் தொடங்கும். சூப்பானைத் தேனிலோ சர்க்கரையிலோ தோய்த்துக் கொடுப்பது மட்டும் எந்த வயதிலும் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் வேறு காரணத்துக்காகவும் ஆபத்து.

மேல் உதட்டுத் தசை மடிப்பு. கைக்குழந்தைகளுக்கு அது தடிப்பாக, ஈறின் விளிம்பு வரை இறங்கியிருப்பது சாதாரணம். வெட்டிவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். நாக்கின் அடியில் உள்ள மடிப்பையும் பால் குடிப்பதில் நிஜமாகவே சிரமம் இருந்து, மற்ற வழிகளில் தீராதபோதுதான் யோசிக்க வேண்டும்.

சொத்தை ஏற்கெனவே இருந்தால்?

ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தையின் பல்லை ட்ரில் வைத்துச் சுத்தம் செய்து அடைப்பது லேசான காரியம் இல்லை. குழந்தை அசையாமல் இருக்காது. பல பற்கள் கெட்டிருந்தால் முழு மயக்கம் கொடுத்துச் செய்ய நேரிடும். மூன்று வயதுக்குக் கீழே மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்க மருந்தோ, திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்க மருந்தோ மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-ல் எச்சரித்தது. ஒருமுறை குறைந்த நேரம் கொடுப்பதால் பாதிப்பு இருக்க வாய்ப்பில்லை என்றும் சொன்னது. ஆகவே தேவைப்பட்டால் பயந்து மறுக்க வேண்டியதில்லை. அந்த இடத்துக்குப் போகாமல் தடுக்க முடிந்தால் நல்லது, அவ்வளவுதான்.

நடுவே வேறு வழிகளும் வந்துவிட்டன. வெள்ளைக் கோடாக இருந்தால் வார்னிஷும் பழக்க மாற்றமும். சிறு குழி விழுந்திருந்தால் 38 சதவீத சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்ற திரவத்தைப் பூசி, சொத்தை மேலும் பரவாமல் பல நேரங்களில் நிறுத்திவிடலாம். ஊசி இல்லை, ட்ரில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்னவென்றால், சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுப்பாகிவிடும். முன்பல்லில் அது பளிச்சென்று தெரியும். பூசும் முன் இதைச் சொல்லி உங்கள் சம்மதம் வாங்க வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

நடக்கக் கற்கும் வயதில் விழுந்து பல்லில் அடிபடுவது அடிக்கடி நடக்கும். பால் பல் முழுதாகக் கழன்று விழுந்துவிட்டால் அதைத் திரும்ப ஈறில் செருகாதீர்கள். அடியில் உருவாகும் நிலைப் பல்லைக் குத்திக் கெடுத்துவிடும். நிலைப் பல்லுக்குச் சொல்லும் முதலுதவி இதற்கு நேர் எதிர். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. விழுந்த பல் கிடைத்தால் எடுத்துக்கொண்டு போங்கள். உடைந்த துண்டு வாயிலோ மூச்சுக்குழாயிலோ மாட்டவில்லை என்று உறுதிசெய்ய அது உதவும். பல் காணாமல் போனதுபோல் தெரிந்தால் ஈறுக்குள் புதைந்திருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். அடிபட்ட பல் சில வாரம் கழித்துச் சாம்பல் நிறமானாலும், மேலே ஈறில் பரு போலக் கிளம்பினாலும் மறுபடி காட்டுங்கள்.

பல் வலியோடு கன்னம் வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அடுத்த நாள் வரை பார்க்க வேண்டாம். வீக்கம் கண்ணை மூடும் அளவுக்கு ஏறினாலோ, தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, குழந்தை விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ பல் க்ளினிக்குக்கு நேரம் வாங்கிக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.